நல்ல நேரத்தில் விட்ட படகு

நம் ப்ளாக்கில் வளர்ந்தவர்கள் எங்கே கூடினாலும் எங்கள் வீட்டுப் படகு பேச்சில் வந்துவிடுகிறது. போன மாதம் கல்யாணப் பந்தியில் உங்களில் ஒருவர், "உங்கப்பா பேண்டை மடிச்சு விட்டுக்கிட்டு போட்டைத் தள்ளினாரே, ஞாபகம் இருக்கா?" என்று கேட்டார். பந்தியே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகும் எனக்குக் காது சுட்டுக்கொண்டே இருந்தது. ஐம்பது தாண்டியவளுக்கு அப்பாவின் முழங்காலை நினைத்து இன்னுமா வெட்கம் என்று கேட்பீர்கள். இருக்கிறது, என்ன செய்ய. ஆனால் நீங்கள் பார்த்தது அந்த ஞாயிற்றுக்கிழமையின் காலையை மட்டும்தான். அன்று சாயங்காலம் எங்கள் வீட்டுக்குள் நடந்தது உங்களுக்குத் தெரியாது. என் வெட்கம் முக்கால்வாசி அந்தச் சாயங்காலத்தைப் பற்றியது.

எழுபதுகளின் கடைசி. டில்லி ஆர்.கே.புரத்தில் எங்களுக்குத் தரைத்தள வீடு. அதனால் பின்பக்கத்துப் புல்தரையில் ஒரு துண்டு எங்களுடையதாக இருந்தது. அம்மா அங்கே கொடி கட்டித் துணி காயப்போடுவாள், ஓரமாக வெண்டை போட்டிருந்தாள். அந்தக் குளிர்காலத்தில் சித்தப்பா தன் தகரப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். அப்பாவுக்குக் கடைசித் தம்பி. கடற்படையில் மரவேலையும் தகட்டு வேலையும் பார்த்துக்கொண்டிருந்தவரை டில்லிக்கு மாற்றி ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். கடலே இல்லாத ஊரில் நேவிக்காரனுக்கு என்ன வேலை என்று மேல்வீட்டு பஞ்சாபி ஆன்ட்டி பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

அவரை அடக்கமான மனிதர் என்று சொல்ல முடியாது. வாய் கொஞ்சம் நீளம். வந்த வாரத்திலேயே அம்மாவிடம், "பஸ்ஸ முந்துற போட்டு ஒண்ணு கட்டப்போறேன் மதினி. இஞ்சினே கிடையாது, பாய் மட்டுந்தான்" என்றார். அம்மா, "மொதல்ல கைய கழுவிட்டு சாப்பிட வாங்க தம்பி" என்றாள்.

ஆனால் கட்டிவிட்டார். ப்ளைவுட்டில் ஒல்லியான ஒரு உடல். பக்கத்தில் அதற்குத் துணையாக ஒரு சின்ன மிதவை. இரண்டையும் சேர்க்கக் குறுக்கே இரண்டு கட்டைகள். அடியில் இரண்டு பக்கமும் அலுமினியத் தகடுகள் சாய்வாகத் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். அதுதான் விசேஷம். ஒரு நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்.

"ஏட்டி, பிளேன் எப்படி மேல நிக்கி? இறக்கை இருக்குல்லா. அதே இறக்கைய தண்ணிக்குள்ள வச்சிருக்கேன். வேகம் வந்துச்சின்னா போட்டு தண்ணிய விட்டு எந்திரிச்சிரும். தண்ணிதான் பிடிச்சு இழுக்கது. அது விட்டுட்டா பறக்க வேண்டியதுதான்."

அவருடைய மேலதிகாரிக்குப் பாய்மரத்தில் பித்து. படகு நிஜமாகவே எழுந்து ஓடினால் ஒருமுறை வந்து பார்ப்பதாகவும், பிடித்திருந்தால் புதுப் படகுகள் கட்டிப் பார்க்கும் கடற்கரைப் பட்டறை ஒன்றுக்குச் சித்தப்பாவை அனுப்பச் சொல்லி எழுதுவதாகவும் சொல்லியிருந்தார். மேஜையிலிருந்து தப்பிக்கச் சித்தப்பாவுக்கு வேறு வழி இல்லை. ராத்திரி சாப்பாட்டின்போது அதையேதான் பேசுவார். அப்பா மோர் விட்டுப் பிசைந்துகொண்டே தலையாட்டுவார்.

படகில் என் வேலை கனமாக இருப்பது. காற்று பாயைச் சாய்க்கும்போது எதிர்ப்பக்கம் போய் உட்கார ஓர் ஆள் வேண்டும். பெரிய ஆளாக இருந்தால் படகு எழாது. அதற்காக என்னை ரேஷன் கடைத் தராசில் நிற்க வைத்துப் பார்த்து, "கரெக்டான சைஸு" என்றார். கோதுமை வாங்க வந்தவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அன்றே எனக்கு மானம் போயிற்று.

முதல் ஓட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஓக்லாவில் அணைக்கு மேலே யமுனை ஏரி மாதிரித் தேங்கி நிற்குமே, அங்கே. படகைக் கழற்றி டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோனோம். அம்மா, அப்பா, சித்தப்பா, நான், வேறு யாரும் இல்லை. அம்மா கரையில் ஜமுக்காளம் விரித்து உட்கார்ந்தாள். மேற்கே வானம் பழுப்பாகிக்கொண்டிருந்தது. சித்தப்பா பாய்மரத்து நுனியில் கட்டியிருந்த சிவப்பு நாடாவையே பார்த்துக்கொண்டு காத்திருந்தார். நாடா விறைத்து நின்றதும், "ஏறு, ஜல்தி" என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் எத்தனையோ பேரிடம் சொல்லிவிட்டேன். ஒருவருக்கும் அதில் அக்கறை இல்லை. நீங்களாவது கேளுங்கள். தண்ணீர் முதலில் அடியில் படபடவென்று அடித்தது. முகத்தில் தெறித்தது. பல் கிடுகிடுத்தது. பிறகு திடீரென்று அந்தச் சத்தம் நின்றுவிட்டது. படகு தண்ணீரில் இல்லை. கீழே எட்டிப் பார்த்தேன். பழுப்புத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது, எங்களுக்கும் அதற்கும் நடுவில் இடைவெளி இருந்தது. தகடுகள் மட்டும் ரீங்காரம் போல ஒரு ஒலி எழுப்பின. வாய் நீளமான சித்தப்பா வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தார். என் வாழ்க்கையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்தது குறைவு.

அப்புறம் ஒரு பக்கத்துத் தகடு பிடிப்பை விட்டது. அந்தப் பக்கம் பொத்தென்று இறங்கியது, மூக்கு தண்ணீரில் குத்தியது. தகட்டின் தண்டு முறிந்து, முன்பக்கத்து ப்ளைவுட் பிளந்து, பாய்மரம் மடங்கி விழுந்தது. குறுக்குக் கட்டையில் என் மோவாய் இடித்துக் கிழிந்தது. சித்தப்பா என்னை ஒரு கையால் தூக்கிக்கொண்டு கரைக்கு வந்தபோது அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு நீந்தத் தெரியாது.

மோவாயில் தையல் போட்டார்கள். தழும்பு இன்னும் இருக்கிறது. "சித்தப்பா, பறந்துச்சு" என்று நான் சொல்லிக்கொண்டே இருந்தேனாம். பிள்ளை பயந்துபோய் உளறுகிறது என்று அம்மா மலை மந்திர் முருகன் கோயிலுக்குக் கூட்டிப்போய்த் திருநீறு போட வைத்தாள். எனக்குப் பயம் இல்லை என்று அழுதேன். பயந்த பிள்ளைதான் இப்படி அழும் என்றாள்.

வீட்டுக்கு வந்து அவள் முதலில் பார்த்தது சுவரில் தொங்கிய நாள்காட்டியை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் நம்மூர்ச் சாமான் விற்கும் கடைக்காரர் வருஷா வருஷம் ஊரிலிருந்து வரவழைத்துக் கொடுப்பாரே, தாள் கிழிக்கும் நாள்காட்டி, அது. ஞாயிற்றுக்கிழமை, நாலரை டு ஆறு, ராகு காலம். அம்மா அந்தத் தாளில் விரலை வைத்து நின்றாள்.

"சரியா ராகு காலத்துல கொண்டுபோயி இறக்கியிருக்கீங்க. பச்சப் பிள்ளைய ஏத்தி."

சித்தப்பா தரையைப் பார்த்தார். அப்பாவும்தான். படகு முறிந்ததற்கு வீட்டில் அன்றே காரணம் கிடைத்துவிட்டது.

ஆனால் நிஜமான காரணத்தைச் சித்தப்பா தேடிக்கொண்டிருந்தார். உடைந்த துண்டுகளைப் புல்தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, ஆபீஸ் விட்டு வந்ததும் குத்தவைத்து உட்கார்ந்துவிடுவார். அப்போதுதான் நீங்களெல்லாம் வந்து வேலியோரம் நிற்க ஆரம்பித்தீர்கள். பள்ளிக்கூட பஸ்ஸில் எனக்குப் 'போட்டுக்காரி' என்று பெயர் வந்ததும் அப்போதுதான். யார் வைத்தது என்று தெரியும், விடுங்கள்.

பிளந்த ப்ளைவுட்டை வெட்டி எறிந்துவிட்டு, விளிம்பை நீண்ட சாய்வாக இழைத்தார். ஒட்டுத் துண்டையும் அதே சாய்வில் இழைத்து மேலே படியவைத்து ரெசின் பசை பூசினார். டில்லி வெயிலில் பசை கலக்கக் கலக்க இறுகிவிடும். அதனால் ஒரு தம்ளரில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பார். அந்த நாற்றம் சாம்பார் வரைக்கும் வந்தது. ஒட்டியது பிரியாமல் இருக்க மேலே பாரம் வைக்க வேண்டும். செங்கல் போதவில்லை என்று எங்கள் ஆட்டுக்கல்லைத் தூக்கிக் கொண்டுபோய் வைத்தார். அந்த வாரம் வீட்டில் தோசை கிடையாது, இட்லி கிடையாது. அம்மா அவரிடம் பேசுவதையே நிறுத்தியிருந்தாள். தட்டை மட்டும் முன்னால் வைப்பாள்.

மடங்கிய பாய்மரத்தை நிமிர்த்த முடியாது என்று அந்த இடத்தில் அறுத்து, உள்ளே உருட்டுக் கட்டை செருகி, மறுபடி கோத்தார். தண்டை முன்பைவிடக் குட்டையாக்கினார். என்னிடம் மட்டும் விளக்கினார், ஏனென்றால் பறந்தது தெரிந்தவள் நான் ஒருத்திதான்.

"தகடு உடைஞ்சதால விழல ஏட்டி. விழுந்ததாலதான் உடைஞ்சிது. மேலேருந்து காத்து தகட்டு வழியா உள்ள இறங்கியிருக்கு. காத்து போயிட்டா தண்ணியில பிடிப்பு இல்ல. அதுக்குத் தகட்டுல குறுக்க சின்னச் சின்னதா தடுப்பு வைக்கணும். வேலி மாதிரி. காத்து அதத் தாண்டி இறங்காது."

அந்தத் தடுப்புக்கு மெல்லிய, வளையாத அலுமினியம் வேண்டும். அது கிடைக்காமல்தான் வேலை நின்றது. பழைய சாமான் கடைகளில் அலைந்து பார்த்தார். இதற்கிடையில் அதிகாரி, ஜூன் முடிவதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை வருவதாகவும், அதற்குப் பிறகு தனக்கே மாற்றல் இருக்கும் என்றும் சொல்லி அனுப்பியிருந்தார்.

ஒரு நாள் சித்தப்பா அப்பாவிடம் மெதுவாக, "அண்ணே, மதினி காலையில நல்ல நேரத்துலதான் விடணும்னு சொல்லுதாங்களாம். காலையில அங்க காத்தே இருக்காது. நாலரைக்கு மேலதான் வரும்" என்றார்.

"நல்ல காரியத்துக்கு வராமலா போயிரும்? அதெல்லாம் வரும். இல்லைன்னா நீயே போய் உன் மதினிகிட்ட சொல்லு, நான் சொன்னா எடுபடாது" என்றார் அப்பா. இதைச் சொல்லிவிட்டுப் பேப்பரை விரித்துக்கொண்டார்.

சித்தப்பா சமையலறைக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன். அம்மா எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திர அலமாரியில் எதையோ தேடிக்கொண்டிருந்தாள். திரும்பியபோது கையில் இட்லிப் பானையின் மூடி இருந்தது. கல்யாணத்துக்கு அவள் வீட்டில் கொடுத்த பெரிய பானை. மூடி நல்ல அகலம், ஓரம் தவிர மற்றதெல்லாம் தட்டை.

"பிள்ள சொன்னா, தகடு கிடைக்கலைன்னு. இது ஆகுமா பாருங்க தம்பி."

சித்தப்பா வாங்கி விரலால் சுண்டிப் பார்த்தார். "ஆகும் மதினி. ஆனா இது…"

"தட்ட வச்சு மூடிக்கிடுதேன். ஒண்ணே ஒண்ணு. நல்ல நேரம் நான் பாத்துச் சொல்லுவேன். அந்நேரந்தான் இறக்கணும். அப்படின்னா பிள்ளையும் ஏறட்டும், நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்."

அத்தனை நாளைக்குப் பிறகு அவள் அவரிடம் பேசிய முதல் பேச்சு அது. அவர் சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. மூடியை மார்போடு பிடித்துக்கொண்டு, "சரி மதினி" என்றார்.

மறுநாளே மூடியை வெட்டினார். தடுப்புகள் கச்சிதமாக உட்கார்ந்தன. விளிம்பு மட்டும் வளையமாக மிஞ்சி, வெகுநாள் வெண்டைச் செடியில் தொங்கியது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அப்பா சும்மா இருக்கவில்லை. ப்ளாக்கில் உள்ள தமிழ்க் குடும்பங்களையும் தன் ஆபீஸ் செக்‌ஷன்காரர்களையும் கூப்பிட்டுவிட்டார். தம்பி படகு விடுகிறான் என்பதில் அவ்வளவு பெருமை. இரண்டு டெம்போ நிறைய ஆட்கள், தூக்குச் சட்டிகளில் புளியோதரை. அம்மா படகின் மூக்கில் சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, ஆரத்தி சுற்றினாள். வெள்ளை யூனிபாரத்தில் விறைத்து நின்ற சித்தப்பாவின் பக்கத்தில் அதிகாரி கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். படகின் அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது சித்தப்பாவின் காது சிவந்ததை நான் பார்த்தேன்.

நானும் அவரும் ஏறி உட்கார்ந்தோம். யமுனை அசையவில்லை. சிவப்பு நாடா பாய்மரத்தோடு ஒட்டித் தொங்கியது. நாடாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தோம், வெயில் ஏறிக்கொண்டிருந்தது. கரையில் அம்மா பக்கத்தில் இருந்த யாரிடமோ சொன்னது தண்ணீருக்கு மேலே தெளிவாகக் கேட்டது.

"பாத்தீங்களா, தண்ணி எவ்வளவு அமைதியா இருக்கு. நல்ல நேரம்னா இதான்."

அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. சித்தப்பாவுக்கும் அது கேட்டிருக்க வேண்டும். அவர் நாடாவிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

பிறகு உங்கள் அப்பாக்களில் ஒருவர், "கொஞ்சம் தள்ளி விட்டா போகாதா?" என்று கேட்டார். என் அப்பா உடனே பேண்டை முழங்காலுக்கு மேல் மடித்துக்கொண்டு தண்ணீரில் இறங்கினார். செக்‌ஷன்காரர்களும் இறங்கினார்கள். ஸ்டார்ட் ஆகாத அம்பாசடரைத் தள்ளுவது போல, "ம், ஒண்ணு சேந்து" என்று தள்ளினார்கள். படகு கொஞ்ச தூரம் போய் நின்றது. திரும்ப வந்து திரும்பத் தள்ளினார்கள். பின்னால் பிள்ளைகள் கைதட்டினீர்கள். "அண்ணே, வேண்டாம்ணே" என்று சித்தப்பா சொன்னது அப்பாவுக்குக் கேட்கவில்லை.

அதிகாரி ஏளனம் செய்யவில்லை. செய்திருந்தால் தேவலை. சித்தப்பாவின் தோளில் தட்டி, "ஹவா ஹீ நஹீ ஹை, க்யா கரே" என்றார், காற்றே இல்லை, என்ன செய்ய என்று. அம்மா நீட்டிய புளியோதரையில் ஒரு ஸ்பூன் சாப்பிட்டு, அச்சா ஹை என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறினார். நல்ல நேரம் முடியவில்லை, இன்னும் கொஞ்சம் இருக்கச் சொல்லுங்கள் என்றாள் அம்மா. யாரும் மொழிபெயர்க்கவில்லை.

இதுவரைக்கும் நீங்கள் பார்த்தது. படகை அங்கேயே கரையில் ஏற்றிக் கட்டிவிட்டு வீட்டுக்கு வந்தோம். மிச்சப் புளியோதரையையே மத்தியானம் சாப்பிட்டோம். ஆளுக்கொரு மூலையில் படுத்தோம். யாரும் தூங்கவில்லை என்று நினைக்கிறேன்.

சாயங்காலம் முதலில் வெளிச்சம் மஞ்சளாயிற்று. பின்பக்கக் கதவு ஒருமுறை அடித்துக்கொண்டது. அப்புறம் வந்தது ஆந்தி, டில்லிக் கோடையின் புழுதிக்காற்று. கொடியிலிருந்த வேட்டி பறந்து வேலியில் போய் மாட்டிக்கொண்டது. வாசல் வேப்பமரம் ஒரே பக்கமாகச் சாய்ந்தது. புழுதி வீட்டுக்குள் சரசரவென்று வந்து விழுந்தது. சித்தப்பா எழுந்தார். ஓக்லாவுக்குத்தான் ஓடப்போகிறார் என்று நான் நினைத்தேன். அவர் ஒவ்வொரு ஜன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தார்.

அம்மா கூடத்தின் நடுவில் நின்றிருந்தாள். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். பக்கத்தில் நாள்காட்டித் தாள் படபடத்துக்கொண்டிருந்தது. அதையும் பார்த்தாள்.

"தம்பி, இந்தக் காத்து தினமும் இந்நேரந்தான் வருமா?"

சித்தப்பா கடைசி ஜன்னலின் கொக்கியைப் போட்டார். "இல்ல மதினி. இன்னைக்குத்தான் வந்திருக்கு."

எனக்கு வாய் வரைக்கும் வந்துவிட்டது. முதல் தடவை பறந்ததே இதே காற்றில்தானே. அவர் என்னைப் பார்த்தார், நான் வாயை மூடிக்கொண்டேன். அம்மா அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தார். காலையில் படித்து முடித்த பேப்பர். கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை. அவருக்கு முன்பே தெரியும் என்பது அம்மாவுக்கு அந்த நிமிஷம் புரிந்துவிட்டது. சமையலறைக்குள் போய் விளக்குப் போடாமல் உட்கார்ந்துகொண்டாள். நாலு பேர் இருந்த வீட்டில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாமல் இருந்தோம். காற்று ஓயும்வரை ஜன்னல்கள் அதிர்ந்துகொண்டே இருந்தன. அப்படி ஒரு கூச்சத்தை நான் அதற்குப் பிறகு எந்த வீட்டிலும் அனுபவித்ததில்லை.

மழைக்காலத்தில் ஓக்லாவில் தண்ணீர் ஏறியபோது படகு போய்விட்டது. அதிகாரியும் மாற்றலாகிப் போனார். சித்தப்பா மேஜைக்குப் பின்னாலேயே இருந்தார், சில வருஷம் கழித்து ஏதோ கப்பலில் ஸ்டோர் வேலைக்குப் போட்டார்கள். படகைப் பற்றி அவர் அப்புறம் பேசியதே இல்லை. பஸ்ஸை முந்துவதைப் பற்றியும்தான்.

அம்மா இட்லிப் பானைக்குப் புது மூடி வாங்கவில்லை. ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து மூடுவாள். தட்டு சின்னது, ஒரு பக்கமாகச் சரிந்து நீராவி போகும். இட்லி வேக நேரமாகும். அப்பா ஒருமுறை மூடி வாங்கி வரவா என்று கேட்டதற்கு, "இதுக்கு என்ன" என்றாள். சித்தப்பா லீவில் வரும்போதெல்லாம் சமையலறை வாசலில் நின்று அந்தத் தட்டைப் பார்ப்பார். ஒரு தடவை பம்பாயிலிருந்து காகிதத்தில் சுற்றி எதையோ கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தார். அம்மா பிரிக்காமலே அதைப் பரண் மேல் வைத்தாள். அவர் இருந்த அத்தனை நாளும் தட்டை வைத்தே இட்லி அவித்தாள்.

அப்பா ரிட்டயர் ஆகி அந்த வீட்டைக் காலி செய்தபோது பரணில் ஏறியவள் நான். காகிதத்தைப் பிரித்தேன். அலுமினிய மூடி. கடையில் வாங்கியதல்ல, தகட்டை வெட்டி ஓரம் மடித்துக் கையால் செய்தது. மூட்டை கட்ட எடுத்து வைத்திருந்த பானையின் மேல் வைத்துப் பார்த்தேன். இம்மி பிசகாமல் உட்கார்ந்தது. பழைய மூடியை வெட்டிய கை அல்லவா, அளவு மறக்கவில்லை.

"அம்மா, இங்க பாரேன்" என்றேன்.

அம்மா வந்து பார்த்தாள். மூடியைக் கையில் எடுத்து ஓரத்தை விரலால் தடவினாள். பிறகு அதே காகிதத்தில் சுற்றி, அவளுடைய புடவைப் பெட்டியில் கொண்டுபோய் வைத்தாள்.